பயில்களத்தின் சொற்கள்: ஐக்கிடோவும் தமிழ்க் களரியும்

திருவில்லிபுத்தூரில் வைத்தியநாதசுவாமி கோயிலைச் சூழ்ந்த பகுதி மடவார் வளாகம் என்று வழங்குகின்றது. மடவார் விளாகம் என்று எழுதுவாரும் உளர். கோயிலைச் சுற்றிய தெருக்களையும் குடியிருப்பையும் திருமடைவிளாகம், மடவிளாகம் என்று குறிப்பது இடைக்காலக் கல்வெட்டு வழக்கு. அவ்வழக்கு மக்கள் பேச்சிலிருந்து நீங்கிய பின்னர், பெயருக்குப் பொருள் தேடியோர் அதனுள் மடவாரைக் கண்டனர் எனக் கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகின்றது. கோயில் நிருவாகத்தின் கலைச்சொல் ஒன்று, அத்தொழிலில் பழகாதார் நாவில் வேறொரு சொல்லாயிற்று. தொழில் நின்றால் சொல் தடுமாறும் என்பதற்கு ஊர்ப்பெயரே சான்றாக நிற்கின்றது.

இத்தடுமாற்றம் மிகுதியாக நேர்ந்திருப்பது உடற்பயிற்சி, படைக்கலப் பயிற்சி ஆகியவற்றின் சொற்களில்தான். உழவும் நெசவும் பற்றிய சொற்களை அகராதிகள் ஓரளவு தொகுத்துள்ளன. சிலம்பக் களத்தில் ஆசான் வாயால் சொல்லி, மாணவன் காலால் கற்ற சொற்களைத் தொகுத்தோர் மிகச் சிலரே. மறுபுறம், தமிழகத்துச் சிறுநகரங்களின் பள்ளித் திடல்களில் மாலை வேளையில் கராத்தே பயிலும் சிறுவர் 'இச்சி, நி, சன்' என்று சப்பானிய எண்களைத் தயக்கமின்றிச் சொல்கின்றனர். அவர்களுள் பலருக்குச் சிலம்பத்துக் காலடி ஒன்றின் பெயரேனும் தெரிந்திராது. இதனைப் பழிப்பதில் பயனில்லை. சப்பானியச் சொல் கடல் கடந்து நிலைத்ததற்கும் தமிழ்ச்சொல் உள்ளூரிலேயே ஒதுங்கியதற்கும் உரிய காரணங்களைக் காண்பதே வரலாற்று நோக்காகும். அதற்குத் தக்க சான்று ஐக்கிடோ என்னும் கலை.

ஐக்கிடோவை நிறுவியவர் மொரிஹெய் உவெஷிபா (1883–1969). இவர் 1915இல் ஹொக்கைடோத் தீவில் தக்கெடா சொக்காக்கு என்பாரிடம் டைட்டோ மரபின் சூசுட்சுக் கலையைக் கற்றார். 1931இல் டோக்கியோவில் தமக்கெனப் பயிற்சிக்கூடம் அமைத்தார். எதிரியின் தாக்குதலை நேர்நின்று தடுக்காமல், அதன் விசையோடு இயைந்து திருப்பி வீழ்த்துவதும் மூட்டுகளைப் பூட்டிப் பணிய வைப்பதும் இக்கலையின் வழி. இன்று உலகின் எப்பகுதியில் இதனைக் கற்பித்தாலும் உத்திகளின் பெயர்களைச் சப்பானிய மொழியிலேயே சொல்வர். தமிழக மண்ணில் ஆரோவில்லில் நடைபெறும் பயிற்சிக்கும் இது பொருந்தும். பயிற்சியின் தொடக்கத்தில் ஒருவரையொருவர் வணங்கி, 'வேண்டிக்கொள்கிறேன்' என்னும் பொருள்பட 'ஒனெகாய்ஷிமசு' என்று கூறுவதும் சப்பானிய மொழியிலேயே அமையும்.

இச்சொற்களைக் கேட்போர் இவை தொன்றுதொட்டு வருவன என்றே எண்ணுவர். உண்மை அதுவன்று. 'ஐக்கிடோ' என்னும் பெயரே 1942இல்தான் முறையாக ஏற்கப்பட்டது. அதற்கு முன் இக்கலை ஐக்கி-சூசுட்சு, ஐக்கி-புடோ எனப் பல பெயர்களால் வழங்கிற்று. உத்திப் பெயர்களும் இவ்வாறே. டைட்டோ மரபில் 'இக்காஜோ' என்பது முதற்பிரிவு என்று பொருள்பட்டு, பல உத்திகள் அடங்கிய ஒரு தொகுதியைக் குறித்தது. ஐக்கிடோவில் அது 'இக்கியோ', அதாவது முதற்பாடம், என மாறி, எதிரியின் கையை முழங்கையில் அடக்கித் தரையோடு அழுத்தும் ஒரே உத்திக்குப் பெயராயிற்று. சட்டப் பிரிவைப் போல ஒலித்த சொல் பள்ளிப் பாடத்தின் பெயராக மாறிய இம்மாற்றம் சிறிதெனினும் குறிக்கத்தக்கது. போருக்குப் பின், உவெஷிபாவின் மகன் கிஷ்ஷொமாரு (1921–1999) இப்பெயர்களை வரிசைப்படுத்தி, 1957 முதல் நூல்களாக வெளியிட்டார். இன்றைய மாணவன் தொல்மரபு என்று கருதி ஒப்பிக்கும் பட்டியல் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒழுங்கு பெற்றதாகும்.

சப்பானுக்குள்ளேயே இவ்வொழுங்கு ஒருபடித்தானதன்று என்பதும் கருதத்தக்கது. உவெஷிபாவின் மாணவரான கொசோ ஷியோடா 1955இல் நிறுவிய யொஷின்கான் பள்ளி, 'இக்காஜோ' என்னும் பழம்பெயரையே விடாது போற்றிற்று. வசேடாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கெஞ்சி தொமிக்கி (1900–1979) அதே உத்தியைத் 'தள்ளி வீழ்த்தல்' என்னும் பொருளில் 'ஒஷி-தவொஷி' என்றார். ஓர் உத்தி, மூன்று பள்ளி, மூன்று பெயர். எனினும் ஒவ்வொரு பள்ளியும் தன் பெயரை அச்சிட்டுத் தன் மாணவர் அனைவருக்கும் ஒரே முறையில் கற்பித்தது. அதனால் மூன்று பெயர்களும் பிழைத்தன.

இவ்வாறு பெயரிட்டு வரிசைப்படுத்தும் நெறிக்கு முன்னோடி ஜிகொரோ கானோ. இவர் 1882இல் ஜூடோவுக்குரிய கொடொகான் பள்ளியை நிறுவினார். மறு ஆண்டிலேயே 'டான்' என்னும் தரநிலையை வழங்கத் தொடங்கினார். எறிமுறைகளை ஐந்து பாடத் தொகுதிகளாக 1895இல் வகுத்து, 1920இல் திருத்தி, நாற்பதாக்கினார். பள்ளி ஆசிரியராகவும் கல்லூரித் தலைவராகவும் பணிபுரிந்த கல்வியாளர் ஒருவர் கைப்பட்டதனாலேயே சப்பானியப் போர்க்கலை பாடத்திட்டமாக உருப்பெற்றது என்றால் மிகையாகாது. சப்பானிய அரசு 1876இல் வாள் அணிவதைத் தடை செய்திருந்தது. போர்வீரர் குடியின் பிழைப்பு அதனால் குலைந்தது. ஆயினும் தடைசெய்தது தம் நாட்டு அரசே ஆகலின், கலையைக் காவல்துறைக்கும் பள்ளிக்கும் உரியதாக்கிக் காக்க வழியிருந்தது.

தென்தமிழகத்தில் அவ்வழி இல்லை. பாளையப் போர்கள் முடிந்தபின், 1801 திசம்பரில் ஆங்கிலக் கும்பெனி வெளியிட்ட அறிவிப்பு பாளையங்களில் படைக்கலம் ஏந்துவதைத் தடுத்தது. இராசபாளையம், சேத்தூர், சிவகிரி முதலிய இப்பகுதி ஊர்களின் வரலாற்றில் பாளையம் என்னும் படைவீடு வெறும் ஊர்ப்பெயர் ஈறாகவும் நில உரிமைப் பெயராகவும் சுருங்கிய காலம் அது. படைக்கலத்தை இழந்த மறவன் கையில் எஞ்சியது கம்பு. அக்கம்பும் பள்ளிக்கூடத்துக்குள் நுழையவில்லை. கோயில் திருவிழாவிலும் ஊர்வலத்திலும் அலங்காரச் சிலம்பமாக நின்றது.

அக்காலத்துச் சொல் ஒன்று அடைந்த நிலை சுவையானது. கும்பெனிப் படை அதிகாரி சேம்சு வெல்சு, சிவகங்கைச் சின்ன மருதுவோடு பகைமைக்கு முன்னர் நட்புப் பூண்டிருந்தவர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்கு முதன்முதலிற் கற்பித்தவர் சின்ன மருதுவே என்று 1830இல் வெளியிட்ட நினைவுநூலில் அவர் குறிப்பிடுகின்றார். அம்மருது 1801 அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார். வெல்சின் நூலில் வளரி, 'வளரி' என்னும் பெயரால் இடம்பெறவில்லை. 'கொல்லெரிக் கம்பு' என்றே அவர் எழுதினார். கற்பித்தவர் பெயரை நன்றியோடு பதிந்தவர், கருவியின் பெயரைத் தம் செவிக்கு எட்டியவாறு எழுதினார். ஆங்கில நூல்களில் பன்னெடுங்காலம் அச்சிதைந்த வடிவமே உலவிற்று. தமிழாசான் ஒருவன் தன் கையால் எழுதி வைத்த வளரிப் பாடம் இருந்திருப்பின் இவ்வாறு நேர்ந்திராது.

சப்பானியச் சொற்கள் இந்திய மண்ணுக்கு வந்தது அண்மையில் நிகழ்ந்ததன்று. இரவீந்திரநாத தாகூர் 1905இலேயே சானோ ஜின்னொசுக்கே என்பாரைச் சாந்திநிகேதனுக்கு வரவழைத்து, மாணவர்க்குச் சப்பானிய மொழியும் ஜூடோவும் கற்பிக்கச் செய்தார். 1929இல் கொடொகானைச் சேர்ந்த சின்சோ தக்ககாகி அங்கு வந்து பயிற்றுவித்தார். மாணவியரும் அப்பயிற்சியில் ஈடுபட்டனர். மொழியாசிரியரும் களத்தாசிரியரும் ஒருவராகவே அமைந்த 1905ஆம் ஆண்டு ஏற்பாடு, கலையும் சொல்லும் பிரியாமல் வரவேண்டும் என்னும் தெளிவைக் காட்டுகின்றது. தாகூர் போன்ற கவிஞருக்கு அது தோன்றியதில் வியப்பில்லை.

இதற்கு மாறான முயற்சி பிரான்சு நாட்டில் நிகழ்ந்தது. மிக்கினொசுக்கே கவாய்ஷி என்னும் ஜூடோ ஆசிரியர், பிரெஞ்சு மாணவர் சப்பானியப் பெயர்களால் இடர்ப்படுவர் எனக் கருதி, அவற்றை நீக்கி, 'முதற் காலெறி', 'இரண்டாம் காலெறி' என்றாற்போலப் பிரெஞ்சு மொழியில் எண்ணிட்டுக் கற்பித்தார். மாணவர் விரைவாகக் கற்றனர், கலையும் பரவிற்று. ஆயினும் பிறநாட்டாரோடு போட்டியிடும் காலம் வந்தபோது அவ்வெண்கள் பிரான்சுக்கு வெளியே எவருக்கும் விளங்கவில்லை. 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ இடம்பெற்ற காலத்தை ஒட்டிச் சப்பானியப் பெயர்களே அங்கும் மீண்டன. எளிமை கருதிச் சொல்லை மாற்றியவர் தோற்றார் எனக் கூறுதல் முறையன்று. முதற் தலைமுறைக்கு அவர் முறை உதவியது. இரண்டாம் தலைமுறைக்கு உலகத்தோடு பேச மூலச்சொல் வேண்டியிருந்தது.

மூலச்சொல்லை நாடுவதில் வேறொரு நயமும் உண்டு. ஐக்கிடோவில் தாக்குபவனை 'உக்கெ' என்பர். 'ஏற்பவன்' என்பது அதன் பொருள். தாக்குதலைத் தொடங்குபவன் அவனே. ஆயினும் முடிவில் எறியப்படுவதை ஏற்பவனும் அவனே ஆதலின் அப்பெயர் பெற்றான். அடிபடாமல் விழும் கலைக்கு 'உக்கெமி' என்று பெயர். ஏற்கும் உடல் என்பது பொருள். இதனை ஆங்கிலத்தில் தாக்குபவன் என்று பெயர்த்த அளவிலேயே பயிற்சியின் உட்பொருள் போய்விடுகின்றது. தமிழில் ஏற்பவன் எனலாம். ஏற்றல் என்னும் வினைக்கு இரத்தல், எதிர்கொள்ளல், பொறுத்தல் ஆகிய பொருள்கள் உண்மையின் அது மூலத்தினும் விரிந்து நிற்கும். 'ஒமொத்தெ', 'உரா' என்னும் இணையை அகம், புறம் என்று பெயர்க்க ஆசை தோன்றும். அவ்வாறு செய்தல் பிழையாகும். ஒமொத்தெ முன்பக்கம், உரா பின்பக்கம். எதிரியின் முன்னே புகுவதும் பின்னே சுழல்வதும் அவை குறிப்பன. திணைக் கோட்பாட்டுக்கு அங்கு வேலையில்லை.

ஒலிபெயர்ப்பில் தமிழுக்கு ஒரு வாய்ப்பும் உண்டு. எகர ஒகரங்களில் குறிலும் நெடிலும் சப்பானியத்தில் வேறுபட்டொலிக்கும். தமிழ் எழுத்து அவ்வேறுபாட்டைக் காட்டவல்லது. 'தொரி' என்பதில் குறில், 'டோஜோ' என்பதில் இரண்டும் நெடில். 'உக்கெ' என இரட்டித்து எழுதின் வல்லொலியும், 'நகெ' என ஒற்றையாய் எழுதின் மெலிந்த ஒலியும் தாமே அமையும். ஆங்கில எழுத்தின் வழி கற்போர் இந்நுட்பங்களைப் பெரும்பாலும் இழக்கின்றனர்.

இச்சொற்களுக்கும் தமிழுக்கும் பிறப்புறவு காண விழைவாரும் உளர். சுசுமு ஓனோ சப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவுண்டு என நிறுவ முயன்றதும், அம்முயற்சியைத் தமிழறிஞர் சிலர் வரவேற்றதும், மொழி வரலாற்றறிஞர் பலர் ஏற்காமையும் அறிந்தவையே. ஐக்கிடோச் சொற்களைப் பொறுத்தவரை அவ்விழைவு பயன்தராது. 'ஐ' சப்பானியத்துக்கே உரியது. 'கி', 'டோ' ஆகிய இரண்டும் சீனத்திலிருந்து பெற்றவை. நாற்றிசை எறிதலைக் குறிக்கும் 'ஷிஹோ-நகெ', வான்நில எறிதலைக் குறிக்கும் 'தென்ச்சி-நகெ' ஆகியவற்றில் முற்பாதி சீனம், பிற்பாதி சப்பானியம். திவ்வியப் பிரபந்த உரைகளில் பழகியோர் இதனை உடனே அறிந்துகொள்வர். இது சப்பானிய மணிப்பிரவாளம். சிறுவர் கூவும் 'இச்சி, நி, சன்' என்னும் எண்களும் சீன வழி வந்தவையே. பயிற்சிக்கூடத்தின் பெயரான 'டோஜோ' இன்னும் தொலைவிலிருந்து வந்தது. புத்தர் மெய்யுணர்ந்த இடமாகிய போதிமண்டம் என்னும் வடசொல்லைச் சீனர் தம் மொழியில் பெயர்த்தனர். அப்பெயர்ப்பைச் சப்பானியர் டோஜோ என ஒலித்தனர். முதலில் புத்த சமயத்தாரின் வழிபாட்டிடத்தையும், பின்னர் வாட்பயிற்சிக் கூடத்தையும் அது குறித்தது.

டோஜோவுக்கு ஈடான தமிழ்ச்சொல் அதனினும் பழையது. பட்டினப்பாலை புகார் நகரத்து மற்போர்க் களத்தை 'முரண்களரி' என்கின்றது. மலையாள நாட்டிலும் குமரி மாவட்டத்திலும் அக்களரி என்னும் சொல் இன்றும் பயில்களத்துக்கு உரியதாய் நிற்கின்றது. புறநானூற்றில் சாத்தந்தையார், போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்ற காட்சியைப் பாடுகின்றார். ஒரு கால் எதிரியின் மார்பை அழுத்த, மற்றொரு கால் அவன் பின்னே சென்று வளைத்துத் தடுக்கும் நிலை அங்கு மிகத் துல்லியமாக அமைந்துள்ளது. மற்போர் ஆசிரியர் எவரும் இன்றும் அப்பிடியை அடையாளம் காண்பர். ஆனால் அப்பிடியின் பெயர் அப்பாட்டில் இல்லை. புலவர் கண்டதைப் பாடினார். களரிக்குள் அதனை என்னவென்று அழைத்தனர் என்பது களரியோடு போயிற்று.

பெயர்கள் போனதற்குக் காலந்தோறும் கற்பிப்போர் மாறியதும் காரணமாகும். களத்துத் தலைவனைக் குறிக்கும் சொற்களே இதற்குச் சான்று. ஆசான் என்றனர், உபாத்தியாயர் என்பதன் திரிபாகிய வாத்தியார் என்றனர், பாரசீக உசுத்தாத் திரிந்த வசுத்தாது என்றனர், பின்னர் மாசுட்டர் என்றனர், இன்று கராத்தே வகுப்பில் சென்செய் என்கின்றனர். ஒரே மனிதரைக் குறிக்கும் இவ்வைந்து சொற்களில் தமிழகத்தின் அரசியல் வரலாறு ஏறத்தாழ முழுமையும் அடங்கிவிடுகின்றது. குசுத்தி, தண்டால், பசுக்கி ஆகியனவும் வடக்கிலிருந்து வந்த வீரர்களோடு வந்தவையே. கம்பெடுத்தவுடன் செய்யும் வணக்கத்தைச் சில களங்களில் சலாம் வரிசை என்பர். இவற்றை விலக்கித் தூய்மை செய்ய முனைதல் வேண்டா. சலாம் வரிசை என்னும் சொல்லை நீக்கினால், எக்காலத்துப் படையோடு அவ்வணக்கம் களத்துக்குள் வந்தது என்னும் சான்றும் உடன் நீங்கும்.

தமிழ்ப் பயிற்சிச் சொற்களுள் எழுத்தில் நிலைத்தவை வர்மச் சொற்களே. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108 வர்மங்களை வர்ம நூல்கள் வகுக்கின்றன. கொண்டைக்கொல்லி, திலர்தக் காலம், அடப்பக் காலம் என ஒவ்வொன்றுக்கும் பெயரும் இடமும் உண்டு. வர்மம் கொல்லும் கலையாக இருந்ததோடு மருத்துவமாகவும் இருந்தமையால், அடிபட்டவனை மீட்கும் இளக்குமுறை தெரிய வேண்டியிருந்தது. அதன்பொருட்டு ஓலையில் எழுதினர். குமரி மாவட்டத்து ஆசான்கள் அவ்வோலைகளைக் காத்தனர், மறைத்தும் வைத்தனர். மறைத்தது ஒரு குறை என்பார் உளர். ஆயினும் எழுதப்பட்டது மறைவிலிருந்து வெளிவந்தது. எழுதப்படாத சிலம்பச் சொல் ஆசானின் சிதையோடு எரிந்தது.

அடிமுறையில் பூட்டு, திறப்பு என்னும் இணை உண்டு. எதிரியின் மூட்டைச் சிக்க வைப்பது பூட்டு. அதிலிருந்து விடுபடும் முறை திறப்பு. ஐக்கிடோவின் இக்கியோவும் மணிக்கட்டைத் திருப்பும் 'கொத்தெ கயெஷி'யும் பூட்டு வகையைச் சேர்ந்தவை. ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு திறப்பு இருத்தல் வேண்டும் என்பதைப் பெயரிலேயே அமைத்த தமிழாசானின் நுண்மை, உக்கெ என்னும் சொல்லை ஆக்கிய சப்பானியர் நுண்மைக்குச் சிறிதும் குறைந்ததன்று. அச்சொற்களை நிரல்பட எழுதி, களந்தோறும் ஒரே முறையில் கற்பிக்க ஒரு கானோவோ கிஷ்ஷொமாருவோ உரிய காலத்தில் அமையவில்லை.

அக்காலம் இப்போது வேறு வடிவில் வந்துள்ளது. 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. போட்டி என்றால் விதிநூல் வேண்டும். விதிநூல் என்றால் ஒரு செயலுக்கு ஒரு பெயர் வேண்டும். தென்கோடியில் அடிவைப்பைச் சுவடு என்பர். ஒற்றைச்சுவடு, கூட்டுச்சுவடு என அது விரியும். பிற பகுதிகளில் காலடி என்பதே வழக்கு. விதிநூலை எழுதுவோர் இரண்டில் ஒன்றை மட்டும் ஏற்றினால் மற்றது ஒரு தலைமுறைக்குள் மறையும். இரண்டையும் விடுத்து ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டும் மறையும். இக்கியோ, இக்காஜோ, ஒஷி-தவொஷி என்னும் மூன்றையும் சப்பானியர் அழியவிடவில்லை. சுவடு, காலடி என்னும் இரண்டையும் வழங்கும் பகுதியோடும் செய்முறை விளக்கத்தோடும் ஒரே பக்கத்தில் அச்சிடுவதற்கு இடமுண்டு. கம்பு பிடிக்கும் முதிய ஆசான்கள் இன்னும் சில ஊர்களில் உள்ளனர்.